வெயிலுக்கு முன் – 11. நடுக்குறி

லிஃப்ட் குழிக்குள் நின்று வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். யாரோடு பேசினாலும் ஒரு கண் மேலேயே இருக்கும். அன்று காலை செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசியபோதும் அவள் கண் மேலேதான் இருந்தது.

“அண்ணி, எங்க இருக்கீங்க?” நாத்தனார்தான்.

“குழியில.”

“என்னது?”

“லிஃப்ட் குழியில. வேலையில இருக்கேன், சொல்லு.”

“அண்ணனை இன்னிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்புறாங்க. மத்தியானத்துக்குள்ள ஆம்புலன்ஸ் எங்க வீட்டுக்கு வந்துடும்.”

கையிலிருந்த ஸ்பேனர் நின்றது. கட்டிய மனைவி அவள். அவளிடம் ஆஸ்பத்திரியும் சொல்லவில்லை, வீடும் சொல்லவில்லை.

“உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா கண்டிச்சு வச்சிருக்காங்க.”

“அப்புறம் ஏன் சொல்ற?”

“எங்க பில்டிங் லிஃப்ட் நேத்து சாயங்காலத்துலேர்ந்து நின்னு கிடக்கு அண்ணி. நாலாவது மாடி. அவரை நாற்காலியோட எப்படித் தூக்கிட்டுப் போறது? மாடிப்படி வளைவுல திரும்பவே திரும்பாது. உங்க ஆபீஸுக்குப் போன் பண்ணா நாளைக்குத்தான் ஆள் வரும்ங்குறாங்க.”

“நான் வர்றது உங்க அம்மாவுக்குத் தெரியுமா?”

“ரிப்பேருக்கு ஆள் வருதுன்னு சொல்லியிருக்கேன். எந்த ஆளுன்னு சொல்லல.”

அவள் ஏணியில் கால் வைத்தாள்.

வெளியே வெயில் ஏறிவிட்டிருந்தது. இந்த ஊரில் காலை எட்டு மணியைத் தாண்டினால் தெருவில் நடப்பதே தண்டனை. மத்தியானத்துக்கு மேல் மழை வந்து மிச்சத்தையும் கெடுக்கும். அதனால்தான் அவள் கணவன் செல்போனில் தான் நடத்திய பக்கத்துக்கு ‘வெயிலுக்கு முன்’ என்று பெயர் வைத்திருந்தான். பிழைப்புக்கு அவன் நிலம் அளப்பவன், ஆசைக்கு எழுதுபவன். சினிமாக் கொட்டகையும் ஏசிக் கடைகளும் அலுத்துப்போன, கை காலை அசைக்கப் பிடிக்கும் ஜோடிகள் வேறு எங்கே போகலாம் என்று வாரம் ஒன்று எழுதுவான். எழுதுவதற்கு முன் இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அதுதான் அவர்களுடைய காதலும் விடுமுறையும்.

முகத்துவாரத்தில் இருவர் படகு: ‘நிதானமானவர் பின்னால் உட்காருங்கள், அவசரக்காரர் முன்னால். திருப்புவது பின்னால் இருப்பவர் வேலை. முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்த்துத் திட்டக் கூடாது, படகு கவிழும்.’ ஏரிக்கரையில் இருவர் மிதிக்கும் சைக்கிள்: ‘பின்னால் இருப்பவர் மிதிக்காமல் ஏமாற்றினால் முன்னால் இருப்பவருக்குத் தொடை சொல்லிவிடும்.’ இப்படியெல்லாம் எழுதுவான். அவளை அந்தப் பக்கத்தில் ‘லிஃப்ட்காரி’ என்றே குறிப்பிடுவான். படிப்பவர்களும் லிஃப்ட்காரி அக்கா என்றே நலம் விசாரிப்பார்கள்.

இருவருக்கும் உயிரான இடம் ஊர் எல்லையில் கைவிடப்பட்ட கல் குவாரி. அதன் செங்குத்துச் சுவரில் கயிறு கட்டி ஏறுவார்கள். ‘ஒரு கயிறு, இரண்டு பேர். ஒருவர் ஏற வேண்டும், ஒருவர் கீழே நின்று பிடிக்க வேண்டும். வாய் பேசாததைக் கயிறு பேசும்’ என்று எழுதியிருந்தான்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் அந்தச் சுவரில்தான் அவன் விழுந்தான். கயிற்றைப் பிடித்திருந்தது அவள்.

முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்ச்சி வரவில்லை. கண் விழித்ததும் அவளைப் பார்த்து அவன் கேட்டது ஒன்றுதான்: “ஏன் விட்ட?” நான் விடவில்லை, கயிறு தீர்ந்துபோனது என்று அவள் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவளை வார்டுக்குள் விட வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டான்.

மாமியார் அதற்கு மேல். வாழ்நாளெல்லாம் தையல் மிஷினில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். சொல்லையும் அளந்து வெட்டித்தான் பேசுவார்.

“துணிதான் தண்ணியில போட்டா சுருங்கும். கயிறுமா சுருங்கும்? அதே பாறை, அதே கயிறு, எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பான். அன்னிக்கு மட்டும் உன் கையில எப்படிப் பத்தாமப் போச்சு?”

நியாயமான கேள்விதான். அவளையே தூங்கவிடாத கேள்வி.

ஏனென்றால் அந்தக் கயிற்றின் கணக்கு பள்ளிக்கூடக் கணக்கை விட எளிது. கயிறு அறுபது மீட்டர். அதன் சரிபாதியில், செய்த இடத்திலேயே, கறுப்பாக ஒரு நடுக்குறி போட்டிருப்பார்கள். ஏறுகிறவர் ஒரு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே போகிறார். கீழே நிற்பவர் கையிலிருந்து கயிறு போய்க்கொண்டே இருக்கிறது. ஏறுகிறவர் உச்சியில் இருக்கும் இரும்பு வளையத்தைத் தொடும் நேரத்தில் நடுக்குறி இன்னும் கையைத் தாண்டவில்லை என்றால், போன கயிற்றை விடக் கையில் மிச்சமிருக்கும் கயிறு அதிகம். அந்த வளையத்தில் கயிற்றைக் கோத்து அவரைத் தரைவரை இறக்கப் போதும். கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். அவர்களும் நம்பினார்கள். அந்தச் சுவர் முப்பது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அன்றும் குறி அவள் கையைத் தாண்டவில்லை.

ஆனால் முக்கால் வழி இறக்குவதற்குள் கயிற்றின் கடைசி நுனி அவள் உள்ளங்கை வழியாக வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது கை வெறுமையாக இருந்தது. விழுந்துகொண்டிருந்த அவன் கண்ணில் பட்டதும் அந்த வெறுங்கைதான்.

போன வாரம் மலையேற்றச் சங்கத்தில் கயிறுகளுக்குப் பொறுப்பாக இருக்கும் பெரியவர், எல்லோருக்கும் அவர் ‘கயிறு சார்’, அந்தக் கயிற்றை நீட்டி வைத்து அளந்தார். ஐம்பதுதான் இருந்தது.

“ஒரு பக்கம் பத்து மீட்டரை யாரோ வெட்டியிருக்காங்கம்மா. அதனால நடுக்குறி நடுவுல இல்ல. வெட்டாத நுனியை அவர் கட்டிட்டு ஏறியிருக்காரு. மாத்திக் கட்டியிருந்தா குறி சீக்கிரமே வந்து உன்னை உஷார் பண்ணியிருக்கும்.” பிறகு வெட்டிய நுனியை விரலால் தடவிக் காட்டினார். “பாரு, பிசிறே இல்ல. உருக்கி, உருட்டி விட்டிருக்காங்க. விவரம் தெரிஞ்ச கை.”

விவரம் தெரிந்த கை என்றால் ஒன்று அவள் கை, இல்லாவிட்டால் அவன் கை. அவள் வெட்டவில்லை. நைந்துபோன நுனியை வெட்டிவிடுவது ஏறுகிறவர்கள் வழக்கம்தான். வெட்டிவிட்டுச் சொல்ல மறந்திருக்கிறான் என்று அவள் முடிவுகட்டினாள். இன்று எப்படியாவது அவன் எதிரில் நின்று இதைச் சொல்லிவிட வேண்டும். நான் உன்னை விடவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை அவன் நம்பினால் போதும், மற்றதெல்லாம் அப்புறம்.

மாமியார் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நாத்தனார் காத்திருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வெள்ளை மேல்கோட்டைக் கழற்றாமலேயே ஓடி வந்திருந்தாள்.

“கயிறு அறுந்திருக்குமோ அண்ணி?”

“எல்லாரும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க. இதுக்கு நாலு கயிறு. ஒண்ணே போதும் முழு பாரத்துக்கும். நாலும் அறுந்தாக்கூட அடியில ஒரு கொக்கி தண்டவாளத்தைக் கவ்விப் பிடிச்சுக்கும். லிஃப்ட் நிக்கிறது பெரும்பாலும் கதவாலதான்.”

மொட்டைமாடிக்கு ஏறி லிஃப்டின் மின்சாரப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். அவள் நினைத்ததுதான். ஒவ்வொரு மாடிக் கதவிலும் உள்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைத் தொடுப்பு இருக்கும். கதவு சரியாக மூடினால் அது இன்னொரு பித்தளையைத் தொட்டு மின்சாரத்தை அடுத்த மாடிக்கு அனுப்பும். எல்லா மாடியும் சரி என்று சொன்னால்தான் லிஃப்ட் நகரும். ஒரே ஒரு கதவு வாயைத் திறக்காவிட்டாலும் போச்சு. ஊரே கூடி ஓட்டுப் போடுவது மாதிரி.

இரண்டாவது மாடிக் கதவுதான் முரண்டு பிடித்தது. மழைச்சாரலில் பித்தளை பச்சை பூத்துக் கிடந்தது. அவள் மண்டியிட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். நாத்தனார் டார்ச் பிடித்தாள். கயிறு சார் அளந்த கதையை அவள் அப்போதுதான் சொன்னாள்.

“அண்ணன் வெட்டியிருப்பாரா?” நாத்தனார் குரல் தாழ்ந்தது. “வெட்டினா மறுபடியும் நடுவைக் கண்டுபிடிச்சு குறி போட்டிருப்பாரே. வீட்ல கதவுக்குத் திரை வாங்கப் போனாக்கூட மூணு தடவை அளக்குற ஆளு.”

“அதான் எனக்கும் இடிக்குது.”

“நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல அண்ணி.”

அவள் பித்தளையை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அது முழு உண்மையில்லை என்று அவளுக்குத் தெரியும். கயிற்றின் கடைசி நுனியில் ஒரு பெரிய முடிச்சுப் போட்டு வைப்பது விதி. கயிறு தீர்ந்தால் முடிச்சு, கயிறு பிடிக்கும் கருவியில் இடித்து நிற்கும், ஆள் தொங்குவார், விழமாட்டார். லிஃப்டில் அந்தக் கொக்கியும் இந்த முடிச்சும் ஒரே சாதி. மனிதர்கள் மறப்பார்கள், தவறு செய்வார்கள் என்று தெரிந்தவர்கள் முன்கூட்டியே போட்டு வைத்த காவல். லிஃப்டில் அந்தக் கொக்கியைச் சோதிக்காமல் அவள் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. பழகிய பாறைதானே என்று அன்று முடிச்சுப் போடவில்லை.

லிஃப்ட் ஒரு முனகலோடு உயிர் பெற்றது.

“மேல வந்து கை கழுவிட்டுப் போங்க. கையெல்லாம் கிரீஸ்” என்றாள் நாத்தனார். அது கை கழுவும் அழைப்பு இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

விபத்துக்குப் பிறகு அவள் அந்த வீட்டு வாசலை மிதிப்பது இதுதான் முதல் தடவை. மாமியார் மிஷினை விட்டு எழவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“ரிப்பேர் ஆள் வருதுன்னா, இந்த ஆளா?”

“ஓடுதும்மா இப்போ” என்றாள் நாத்தனார்.

“ஓடட்டும். ரிப்பேருக்கு வந்தவங்க வாசலோட போறதுதான் வழக்கம்.”

“அத்தை, கை மட்டும் கழுவிட்டுப் போயிடுறேன்.”

மாமியார் மிஷினில் துணியை நகர்த்தினார். அவர் தைத்துக்கொண்டிருந்தது ஒரு கால்சட்டை. வழக்கமான கால்சட்டை இல்லை. இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை திறந்து, பட்டு நாடா மாதிரி மெல்லிய நைலான் கயிறுகளால் முடிந்துகொள்கிற மாதிரி. படுத்திருப்பவரைத் தூக்காமலேயே மாற்றிவிடலாம். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவராகவே யோசித்து வெட்டியிருக்கிறார். நாடாவின் நுனிகளை மிஷின் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியில் காட்டி, நாக்கில் நனைத்த விரலால் உருட்டி விட்டுக்கொண்டிருந்தார். ஒரு பிசிறு இல்லை.

அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததை மனசு உடனே வாங்கிக்கொள்ளவில்லை. பால்கனிக் குழாயை நோக்கி நடந்தாள்.

நீளமான பால்கனி. எப்போதும் நிழல். அதனால்தான் கயிறு துவைக்க அவர்கள் இங்கே வருவார்கள். கடலோரப் பாறைக்குப் போய்விட்டு வந்தால் உப்பு கயிற்றின் இழைகளுக்குள் புகுந்து அரிக்கும். நல்ல தண்ணீரில் அலசி, வெயில் படாமல் உலர்த்த வேண்டும். விபத்துக்கு முந்தைய வாரம்கூட இந்தக் கம்பியில்தான் வளையம் வளையமாகத் தொங்கவிட்டுப் போனார்கள்.

குழாயைத் திறந்தாள். கண்ணெதிரே அவனுடைய சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. காற்றில் ஒரு சட்டை நகர்ந்தது. பின்னால் கொடிக்கயிறு தெரிந்தது.

பச்சை. அதில் சுற்றிச் சுற்றி ஓடும் ஆரஞ்சு இழை.

குழாய் தண்ணீர் கையில் விழுந்துகொண்டே இருந்தது.

“தண்ணி வீணாப் போகுது” என்றபடி மாமியார் ஈரத் துணிகளோடு வந்தார்.

“இந்தக் கொடி… புதுசா அத்தை?”

“ம். பிளாஸ்டிக் கொடி வெயில்ல இத்துப்போய் அறுந்துடுச்சு. துவைச்ச துணியெல்லாம் தரையில. அவன்கிட்ட போன்ல கேட்டேன். உங்க பழைய கயித்துல கொஞ்சம் எடுத்துக்கவாடான்னு. எடுத்துக்கோம்மா, அது இனிமே ஆகாதுன்னான்.” ஒரு தலையணை உறையை உதறிப் போட்டார். “நல்ல கயிறு. எவ்வளவு பாரம் போட்டாலும் தொய்யல.”

“எதுலேர்ந்து எடுத்தீங்க?”

“இங்கதான் தொங்கிட்டிருந்துச்சு. வெளுத்துப்போய்ப் பழசா. புதுசைத்தான் பையில போட்டு, ஜிப்பு போட்டு, இதோ கீழ வச்சிருந்தீங்களே.”

குழாய்த் தொட்டிக்குக் கீழே ஒரு பை இருந்தது. புத்தம் புதிய பை. அதற்குள் இருப்பதுதான் பழைய கயிறு. பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். ஆனால் ஓரிடத்தில் உள்நார் நொறுங்கிப்போய், விரலால் மடித்துப் பார்த்தால் மட்டும் மெத்தென்று தெரியும். யாரும் தவறி எடுத்துவிடக் கூடாது என்றுதான் அதைப் பையில் போட்டுப் பூட்டாத குறையாக மூடி வைத்தான் அவன். நாள்தோறும் உழைக்கிற நல்ல கயிறு வெளுத்துப்போய் வெளியே தொங்கியது. இரண்டும் ஒரே நிறம், ஒரே கம்பெனி.

அவள் கொடியை ஆணிவரை கண்ணால் தொடர்ந்தாள். ஒரு நுனியில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் உறை, அதில் அறுபது என்று எண். மறு நுனியில் உருக்கி உருட்டிய மொட்டு. விவரம் தெரிந்த கை.

மாமியார் உள்ளே போய் அந்தத் திறந்த கால்சட்டையோடு திரும்பினார். ஓரம் சரிபார்த்துவிட்டு, பல நாளாகப் பேசாத மருமகளிடம் அதை நீட்டினார். பார்வை வேறெங்கோ இருந்தது.

“இந்தா. மடிச்சு அவன் தலைமாட்டுல வை. கிரீஸ் கையோட தொடாதே.”

அவள் வாங்கிக்கொண்டாள். நீங்கள் வெட்டியது நல்ல கயிறு என்ற வாக்கியம் அவள் நாக்கில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் அவள் தப்பித்துவிடுவாள். இந்த அம்மாள் இனி ஒரு நூலைக்கூட மெழுகுவத்தியில் காட்டமாட்டார்.

கீழே ஆம்புலன்ஸ் கதவு அறையும் சத்தம் கேட்டது. அவள் கால்சட்டையைக் கட்டில் தலைமாட்டில் வைத்த கையோடு, அறையைச் சரியாகக்கூடப் பார்க்காமல், கீழே ஓடினாள்.

பழைய கட்டடத்து லிஃப்ட். நாற்காலியைத் தள்ளி உள்ளே வைத்தால் பக்கத்தில் ஒருவர்தான் நிற்கலாம். ஆம்புலன்ஸ் ஆட்கள் மூட்டைகளோடு படியேறினார்கள். நாத்தனார் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இப்பத்தான் ரிப்பேர் ஆகியிருக்கு. தெரிஞ்சவங்க கூட இருக்குறது நல்லது” என்று பொதுவாகச் சொல்லிப் படியேறினாள்.

கதவு மூடியது. அவன் மிகவும் மெலிந்திருந்தான். தோளெலும்பு சட்டையைக் குத்திக்கொண்டு நின்றது.

“நீயா” என்றான்.

“ம்.”

“இதிலயாவது விடமாட்டியே?”

“இதுக்கு நாலு கயிறு.”

லிஃப்ட் நகர்ந்தது. முதல் மாடி விளக்கு எரிந்து அணைந்தது. அவன் கதவைப் பார்த்தபடியே பேசினான். படுத்துக் கிடந்த நாட்களில் கூரையைப் பார்த்துப் பல தடவை பேசிப் பார்த்த பேச்சு என்று குரலிலேயே தெரிந்தது.

“நடுக்குறி உன் கையைத் தாண்டிச்சா?”

“தாண்டல.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“அப்போ கயிறு பத்தணும்.”

“பத்தணும்.”

“பத்தல.”

“பத்தல.”

இரண்டாவது மாடி. துடைத்து வைத்த பித்தளை தன் வேலையைச் செய்தது. லிஃப்ட் நிற்காமல் மேலே போனது.

“அப்போ ஒண்ணு நீ பொய் சொல்ற. இல்ல, யாரோ அதை வெட்டியிருக்கணும்.” அவன் முதல் முறையாக முகத்தைத் திருப்பினான். “வெட்டுனது நீயா?”

இல்லை என்று ஒரு சொல். அடுத்து ஒரு பெயர்கூட வேண்டாம், பால்கனியைக் கை காட்டினால் போதும். காலையில் குழிக்குள் நின்றபோது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அவள் ஏங்கினாள். இப்போது அந்த நிமிஷம் கிடைத்திருக்கிறது.

“நுனியில முடிச்சுப் போடல” என்றாள். “அது என் வேலை. போட்டிருந்தா, யாரு வெட்டியிருந்தாலும் நீ விழுந்திருக்க மாட்ட.”

“யாரு வெட்டியிருந்தாலும்னா?”

நாலாவது மாடி. கதவு திறந்தது. எதிரே மாமியார் நின்றிருந்தார். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார், நெற்றியைத் தொட்டார், தொடுவதற்கு வேறு இடம் தெரியாதவர் போலச் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

அவனைக் கட்டிலில் கிடத்தினார்கள். ஆம்புலன்ஸ் ஆட்கள் போனார்கள். மாமியார் தலையணையைத் தட்டி வைத்தார், கால்சட்டையை விரித்துக் காட்டினார், எப்படி அவிழ்ப்பது எப்படி முடிவது என்று செய்து காட்டினார். இத்தனை நாளில் அவர் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. பால்கனிக் கதவைச் சாத்திவிடலாம் என்று அவள் நகர்ந்தாள். சட்டைகள் காற்றில் விலகினால் படுக்கையிலிருந்தே கொடி தெரியும்.

“இதையும் பாரு ராஜா” என்றார் மாமியார். “அந்த எக்சர்சைஸ் பொண்ணு சொல்லிச்சு. கட்டில் காலுல ஒரு கயிறு கட்டி மடியில போட்டு வைங்க, அதைப் பிடிச்சுப் பிடிச்சு அவரே எழுந்து உட்காரட்டும், கைக்கு பலம் வரும்னு. கடையில கிடைச்சதெல்லாம் சாயம் போற கயிறு. கையை அறுக்கும். நான் கொடி கட்டி மிஞ்சின துண்டை எடுத்து, வழுக்காம இருக்க நடுவுல நடுவுல முடிச்சுப் போட்டு வச்சிருக்கேன்.”

போர்வைக்கு மேல் அது கிடந்தது. பச்சை, ஆரஞ்சு இழை. சாண் இடைவெளியில் தடித் தடியாக முடிச்சுகள்.

அவள் கதவோரம் அப்படியே நின்றாள்.

அவன் கயிற்றைக் கையில் எடுத்தான். கண் அதன் மேல் இல்லை, அம்மாவைப் பார்த்துச் சிரிக்க முயன்றுகொண்டிருந்தான். விரல்தான் முதலில் நின்றது. பல வருஷமாக ஒவ்வொரு வாரமும், ஏறுவதற்கு முன், முழு நீளத்தையும் விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் ஓடவிட்டுப் பார்த்த கை அது. கயிற்றின் நெசவை அந்தக் கைக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். விரல் மெல்ல நகர்ந்தது. ஒரு முடிச்சைத் தாண்டியது. இன்னொன்று. நுனிக்கு வந்தது. உருக்கி உருட்டிய மொட்டைச் சுற்றி ஒரு தடவை வந்தது. பழைய கயிற்றில் நொறுங்கிய இடத்தைத் தேடுகிறவன்போலத் திரும்பவும் முழுதாக ஓட்டிப் பார்த்தான். எங்கும் மெத்தென்று இல்லை.

“அம்மா.”

“என்னப்பா?”

“இது எந்தக் கயிறு?”

“நீ எடுத்துக்கச் சொன்னதுதான். போன்ல கேட்டேனே, ஞாபகமில்லையா?” மாமியார் அவன் நெற்றி முடியை ஒதுக்கினார். “ஏன்ப்பா, கை வலிக்குதா?”

நாத்தனார் கயிற்றைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தாள். அவன் முகத்தைப் பார்த்து நிமிர்ந்துகொண்டாள்.

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. பால்கனிக் கதவோரம் நின்றவளைப் பார்த்தான். லிஃப்டில் பாதியில் நின்ற கேள்வி இப்போது அவன் முகத்தில் இல்லை. வேறொன்று இருந்தது. அவள் மற்றவர்களுக்குத் தெரியாத அளவுக்குத் தலையை ஆட்டினாள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று.

“வலிக்குதுன்னா விட்டுடு ராஜா. நாளைக்குப் பழகலாம்” என்றார் மாமியார்.

அவன் கயிற்றை விடவில்லை.